நண்டுக்கும் ஒரு சுகர் டெஸ்ட்

நண்டின் கடைசிக் கால் உடம்போடு சேரும் இடத்தில் ஓடு கிடையாது. இரண்டு கெட்டி ஓடுகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு மெத்தென்ற ஒரு சவ்வு மட்டும் இருக்கும். கால் மடங்கவும் நீளவும் அதுதான் இடம் கொடுக்கிறது. ஆராய்ச்சியாளரின் ஊசி இறங்குவதும் அங்கேதான். மெல்லிய ஊசி, சின்ன சிரிஞ்ச், ஒரு சொட்டு ரத்தம். அது சிவப்பாக இருக்காது. முதலில் தண்ணீர் மாதிரித் தெரியும், காற்றுப் பட்டதும் லேசாக நீலம் பாரிக்கும். கொஞ்சம் தாமதித்தால் ஊசிக்குள்ளேயே உறைந்துபோகும். அந்தச் சொட்டைச் சட்டென்று ஒரு ஸ்ட்ரிப்பின் நுனியில் வைக்கிறார்கள். மெஷின் சில விநாடிகள் யோசித்து ஓர் எண்ணைக் காட்டுகிறது.

அது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே சுகர் மெஷின்தான். என் அம்மா தினமும் காலையில், காபிக்கு முன்னால், விரல் நுனியைக் குத்திப் பார்ப்பார். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் அன்றைக்கு இட்லி இரண்டா, மூன்றா என்பது முடிவாகும். ஆனால் அம்மாவுக்கு எண் மட்டுமே கதி என்றில்லை. தலை சுற்றினால் சொல்லுவார், கை நடுங்கினால் நமக்கே தெரியும். நண்டு ஒன்றும் சொல்லாது. அதன் முகம் வாடுவதில்லை, அது முனகுவதும் இல்லை. சாகும் தறுவாயில் இருக்கும் நண்டும், களைத்துப்போய் ஓய்வெடுக்கும் நண்டும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் கிடக்கும்.

பூமியில் பெயர் சூட்டப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முதுகெலும்பில்லாதவை. நண்டு, இறால், சிப்பி, நத்தை, தேனீ எல்லாம் இந்தக் கூட்டம்தான். காட்டில், கடலில், சேற்றில் வாழும்போது இவற்றின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அந்த இடத்திலேயே பார்க்க நம்மிடம் நெடுங்காலம் வழி இருக்கவில்லை. ரத்தம் எடுத்து, அமிலத்தில் போட்டு, உறைய வைத்து, விமானத்தில் ஏற்றி, எங்கோ ஓர் ஆய்வகத்தில் மாதங்கள் கழித்து அளந்தார்கள். விடை வரும்போது அந்த நண்டு உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாது. மனித நோயாளிகளுக்காகச் செய்யப்பட்ட கையடக்கக் கருவிகள் இந்த இடைவெளியைச் சில விநாடிகளாகச் சுருக்கியிருக்கின்றன. இந்தச் சின்ன மாற்றத்தை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

கண்காம்பில் இருக்கும் சுரப்பி

நண்டுக்குச் சர்க்கரை அளந்து என்ன ஆகப்போகிறது?

நண்டின் கண், ஒரு காம்பின் நுனியில் நிற்கும். அந்தக் காம்புக்குள் பார்வை நரம்புகளோடு ஒரு சுரப்பியும் இருக்கிறது. ஆபத்து, மூச்சுத்திணறல், தொற்று என்று எது வந்தாலும் அது ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். உடனே சேமிப்பில் இருக்கும் கிளைகோஜன் உடைந்து ரத்தத்தில் சர்க்கரை ஏறும். கண்காம்புச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினால் நண்டுக்குச் சர்க்கரை கூடுகிறது என்று 1944-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் உடம்பில் அட்ரினலினும் குளுக்ககானும் செய்யும் வேலையை நண்டின் உடம்பில் கண்ணுக்கு அடியில் இருக்கும் இந்தச் சுரப்பி பார்த்துக்கொள்கிறது. நண்டின் சர்க்கரை அளவைச் சாப்பாட்டுக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது. அது பட்ட பாட்டின் கணக்கும் அதில் இருக்கிறது.

இத்தாலியின் ட்ரியெஸ்டே பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்குழு 1990-களிலேயே இதைச் சுகர் மெஷினால் அளக்கத் தொடங்கியது. கடைகளில் விற்கும் ஒன் டச் கருவி, அதன் ஸ்ட்ரிப், அவ்வளவுதான். இறால், நண்டு வகைகளுக்குள் பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் நச்சைச் செலுத்தினார்கள். சர்க்கரை ஏறியது. கண்காம்பு நீக்கப்பட்ட விலங்குகளில் அது ஏறவில்லை. தண்ணீரில் பாதரசம், செம்பு போன்ற கன உலோகங்கள் கலந்தபோதும் சின்னஞ்சிறு இறாலின் ரத்தம் அதைச் சர்க்கரையாகக் காட்டிக்கொடுத்தது. தொழிற்சாலைக் கழிவை உணரும் ஓர் உயிரின் முறையீட்டை, நீரிழிவு நோயாளிக்காகச் செய்த ஸ்ட்ரிப்பில் படிக்க முடிந்தது.

திரையில் தெரியும் எண் யாருடையது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த மெஷின்கள் மனித ரத்தத்துக்காகவே பிறந்தவை.

மனித ரத்தத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் சிவப்பணுக்கள். ஸ்ட்ரிப்பில் விழும் சொட்டில் அவை இருக்கும் என்று வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சில மெஷின்கள் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டுவது இதனால்தான். நண்டுக்குச் சிவப்பணுவே கிடையாது. அதன் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோசயனின் என்ற புரதம். இரும்புக்குப் பதில் அதில் செம்பு இருக்கிறது, நீல நிறம் அதனால் வருவது. அந்தப் புரதம் அணுக்களுக்குள் அடைபடாமல் நேராகத் திரவத்தில் கரைந்திருக்கும். அந்தத் திரவமும் நம் ரத்தம் போல நாளங்களுக்குள்ளேயே சுற்றி வருவதில்லை. இதயத்திலிருந்து கிளம்பி உறுப்புகளுக்கு இடையே பரவி, செவுள் வழியாக மறுபடி இதயத்துக்கு வந்து சேரும். கடல் நண்டானால் உப்பும் நம் ரத்தத்தைவிட மிக அதிகம். இத்தனை வித்தியாசத்தையும் தாண்டித்தான் மெஷின் ஓர் எண்ணைச் சொல்கிறது.

இன்னொன்று. வெறும் வயிற்றில் நமக்கு 70 முதல் 100 மில்லிகிராம் இருக்க வேண்டிய சர்க்கரை, ஓய்வில் இருக்கும் பல நண்டு வகைகளில் 20-க்கும் கீழே இருக்கும். பல மெஷின்கள் அந்த அளவுக்குக் கீழே போனால் எண்ணைக் காட்டாமல் ‘லோ’ என்று மட்டும் காட்டும். வீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தால் நாம் சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடுவோம். நண்டு விஷயத்தில், அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே சொல்தான், இரண்டு உடம்புகளில் இரண்டு பொருள்.

பொறுப்புள்ள ஆய்வாளர்கள் அதனால் எடுத்த ரத்தத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பாதி மெஷினுக்கு, பாதி ஆய்வகத்துக்கு. இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்து, இந்த இனத்தில் மெஷின் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்று கணக்கெடுத்த பிறகுதான் களத்துக்குப் போகிறார்கள். ஓர் இனத்துக்குப் போட்ட கணக்கு இன்னொன்றுக்கு உதவாது. தனி எண்ணை நம்ப முடியாவிட்டாலும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நம்பலாம். ஐ.சி.யூ.வில் பயன்படும் கையடக்க ரத்தவாயு மெஷினில் வேறொரு சிக்கல். அது எந்தச் சொட்டையும் மனித உடம்பின் 37 டிகிரியில் வைத்தே அளக்கும். பத்து டிகிரிக் குளிர்கடலில் இருந்து வந்த லாப்ஸ்டரின் ரத்தத்துக்கு அந்த விடையைத் திருத்தாமல் எடுத்துக்கொண்டால் முழுத் தவறு.

பூச்சிகளிடம் சுகர் மெஷின் அநேகமாகத் தோற்றுவிடும். அவற்றின் ரத்தத்தில் பெரும்பாலும் ஓடுவது ட்ரெஹலோஸ் என்ற வேறு சர்க்கரை. இரண்டு குளுக்கோஸ் கைகோத்து நிற்பதுபோன்ற அமைப்பு அது. அந்தக் கோப்பைப் பிரிக்க ஒரு நொதியைச் சேர்த்தால் ஒழிய ஸ்ட்ரிப்பின் கண்ணில் அது படாது.

கோடிக்கணக்கான கால்களின் நடை

ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில், வெறும் 135 சதுர கிலோமீட்டரில் ஒரு தீவு. பெயர் கிறிஸ்துமஸ் தீவு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். தமிழர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியவந்ததற்குக் காரணம் அங்கே இருந்த தடுப்பு முகாம். படகில் புகலிடம் தேடிப் போன ஈழத்தமிழர்களும் அதில் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்தத் தீவின் காடு முழுக்கச் செந்நண்டுகள். கோடிக்கணக்கில் இருக்கின்றன.

வறண்ட காலத்தில் அவை வளைக்குள் முடங்கிக் கிடக்கும். ஈரம் போகாமல் இருக்க வாசலை இலைகளால் அடைத்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்து நடக்கத் தொடங்கும். சாலைகளை மூடுவார்கள், நண்டுகள் ஏறிக் கடக்கவென்றே பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆண் நண்டுகள் முன்னால் போய்க் கரையோரத்தில் வளை தோண்டும். இணைசேர்ந்த பிறகு பெண் நண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த வளையில் முட்டைகளைச் சுமந்துகொண்டு காத்திருக்கும். தேய்பிறையில், விடியலுக்கு முன், கடல் உச்சத்துக்கு ஏறி வடியத் தொடங்கும் நேரம் பார்த்து, பாறை விளிம்பில் நின்று உடம்பை உதறி, முட்டைகளைத் தண்ணீரில் விடும். ஒரு நண்டுக்கு ஒரு லட்சம் முட்டைகள் வரை.

உடலியல் படித்தவர்களை இந்த நடை திகைக்க வைத்தது. இதே நண்டை ஆய்வகத்தில் சில நிமிடங்கள் விரட்டினாலே சோர்ந்துபோகும், ரத்தத்தில் லாக்டேட் குவிந்துவிடும். பிராணவாயு போதாமல் தசை உழைத்தால் சேரும் பொருள் அது. ஓட்டப்பந்தய வீரர்களின் விரலில் குத்திப் பயிற்சியாளர்கள் பார்ப்பதும் இதைத்தான். சில நிமிடத்தில் களைக்கிற பிராணி நாள் கணக்கில் எப்படி நடக்கிறது? ஸ்டீவ் மாரிஸும் அக்னியெஷ்கா ஆதம்செவ்ஸ்காவும் யாத்திரையின் நடுவிலேயே நண்டுகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள். நடந்துகொண்டிருந்த நண்டுகளின் ரத்தத்தில் லாக்டேட் ஏறவில்லை. அவை மூச்சுக்குத் தக்கபடி நடந்தன. நின்று நின்று, நிதானமாக, தசை எவ்வளவு தாங்குமோ அவ்வளவே. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அப்படித்தானே நடப்பார்கள்.

ஆய்வகத்தில் விரட்டப்பட்ட நண்டு, தன் இயல்பைக் காட்டவில்லை. விரட்டியவரின் அவசரத்தையே அது காட்டியது. வன உயிர்களை அவை வாழும் இடத்திலேயே அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு முடிவு போதும்.

2010-இல் மாரிஸின் குழுவிடமிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. நண்டு உழைக்கத் தொடங்கிய இரண்டே நிமிடத்தில் கண்காம்பு ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. வறண்ட காலத்தில் சர்க்கரை போதுமான அளவு வந்ததும் அந்தச் சர்க்கரையே ஹார்மோனுக்குத் தடை போட்டுவிடும். மழைக்காலத்தில், யாத்திரை நேரத்தில், அந்தத் தடை தளர்ந்துவிடுகிறது. நடப்பதற்கு வேண்டிய எரிபொருள் தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. பருவம் மாறினால் உடம்பின் சட்டமும் மாறுகிறது. இந்த ஆய்வுகள் பெரிய ஆய்வகக் கருவிகளால் செய்யப்பட்டவை. இன்று ஒரு ஸ்ட்ரிப் டப்பாவோடு காட்டுக்குள் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வழி போட்டவை இவைதான்.

அந்த நண்டுகளுக்கு ஓர் எதிரியும் உண்டு. மஞ்சள் பைத்திய எறும்பு என்கிற சிறிய எறும்பு, கண்ணிலும் மூட்டிலும் அமிலம் பீய்ச்சி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளை அங்கே கொன்றிருக்கிறது. 2022-இல் நம் நத்தம் பக்கத்துக் கரந்தமலையில் ஆடுமாடுகளைத் தாக்கி ஊரையே கிளப்பியதும் அதே எறும்பு இனம்தான்.

நம் உயிருக்காகச் சிந்திய நீலம்

மருத்துவத்துக்கும் முதுகெலும்பில்லாதவற்றுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலில் கடன்பட்டவர்கள் நாம்தான். குதிரைலாட நண்டு, உண்மையில் நண்டே இல்லை, சிலந்திக்கு உறவு. அதன் ரத்தம் பாக்டீரியா நச்சைக் கண்டதும் உறைந்துபோகும் என்பதை 1956-இல் ஃபிரெடெரிக் பேங் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் எழுதினார். பின்னர் ஜாக் லெவினோடு சேர்ந்து அதை ஒரு சோதனையாக மாற்றினார். 1977-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. அதிலிருந்து ஊசி மருந்தோ தடுப்பூசியோ குளுக்கோஸ் பாட்டிலோ, நம் நரம்பில் ஏறுவதற்கு முன் இந்த நீல ரத்தத்தின் சாட்சியம் தேவைப்பட்டது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குதிரைலாட நண்டுகளைப் பிடித்து, ஓட்டின் கீல் வழியாக இதயத்தில் ஊசி இறக்கி, ரத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை எடுத்துவிட்டு, திரும்பக் கடலில் விடுகிறார்கள். நூற்றுக்குப் பதினைந்து செத்துப்போகும் என்று அங்குள்ள மீன்வள நிர்வாகமே கணக்கில் வைத்துக்கொள்கிறது. மீதி எண்பத்தைந்து? நியூ ஹாம்ப்ஷயரில் ரத்தம் எடுக்கப்பட்ட நண்டுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஹீமோசயனின் அளவு வாரக்கணக்கில் தாழ்ந்தே இருந்தது, நடமாட்டமும் மந்தமானது. நீந்திப் போய்விட்டது, எனவே பிழைத்துவிட்டது என்று நினைத்ததைத் தவறென்று காட்டியது ரத்தத்தின் அளவுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங்கும் போ ஹோவும் அலையாத்திக் குதிரைலாட நண்டின் மரபணுவைப் பிரித்தெடுத்து, ரத்தமே இல்லாமல் அதே சோதனையைச் செய்ய வழி கண்டார்கள். அந்த இனம் நம் சுந்தரவனத்துச் சேற்றிலும் வாழ்கிறது.

இதயத்தில் ஒரு விளக்கு

ரத்தம் எடுக்காமலும் கேட்கலாம். கோவிட் நாட்களில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் நினைவிருக்கும். ஒளியை உள்ளே அனுப்பி, வெளியே வருவதில் ஏற்படும் துடிப்பை எண்ணுவது அதன் தத்துவம். பிரிட்டனின் மைக்கேல் டிப்லெட்ஜ் இதே வகையில் ஓர் அகச்சிவப்பு உணரியை நண்டின் முதுகு ஓட்டில், இதயத்துக்கு நேர் மேலே ஒட்டி, துடிப்பைப் பதிவு செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். துடிப்பு துல்லியமாகக் கிடைக்கும். ஆக்சிமீட்டர் காட்டும் பிராணவாயு சதவீதம் மட்டும் கிடைக்காது, அது சிவப்பு ரத்தத்தின் நிறத்தை நம்பிப் போடும் கணக்கு.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 2005-லிருந்து குடிநீர் நிலையங்களில் நன்னீர் லாப்ஸ்டர்கள் காவலுக்கு இருக்கின்றன. நேவா ஆற்றின் தண்ணீர் அவற்றின் தொட்டி வழியாக ஓடும், முதுகில் ஒளியிழை உணரி இருக்கும். தண்ணீரில் நச்சு கலந்தால் அவற்றின் இதயத்துடிப்பு மாறும், மணி அடிக்கும். ஒரு பெருநகரம் தன் தாகத்தை இந்தச் சின்ன இதயங்களிடம் ஒப்படைத்திருக்கிறது.

கட்டைவிரலும் ஒரு கருவி

ஸ்காட்லாந்துக் கடலில் பிடிபடும் நார்வே லாப்ஸ்டர்கள் உயிரோடு ஸ்பெயினுக்குப் போகின்றன. இழுவலையில் சிக்கும்போது அவை வாலை அடித்து அடித்துத் தப்பப் பார்க்கும். மேலே வரும்போது தசையில் கிளைகோஜன் தீர்ந்து, ரத்தத்தில் லாக்டேட் ஏறியிருக்கும். பொறிக்கூண்டில் பிடித்தவை இந்த அளவுக்குத் தளர்வதில்லை. ஒரே கடலில் பிடித்த ஒரே பிராணிதான். பிடித்த விதம் அதன் ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பத்துக்கால் ஓட்டுயிர்களும் வலியும் துன்பமும் உணரக்கூடியவை என்று பிரிட்டன் 2022-இல் சட்டமாகவே எழுதிவிட்டது.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் லாப்ஸ்டர் ஆய்வு மையம் ஒன்று, வியாபாரிகளின் கையில் ரிஃப்ராக்டோமீட்டரைக் கொடுத்தது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒளி எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து புரதம் தெரியும். கரும்பு ஆலையில் சாற்றுக்கு பிரிக்ஸ் பார்க்கிறார்களே, அதே கருவி, அதே பிரிக்ஸ் அளவு. மருத்துவமனை ஆய்வகத்திலும் இதன் உறவுக்காரன் உண்டு. ஓடு கழற்றிச் சில வாரங்களே ஆன லாப்ஸ்டரின் ரத்தம் நீர்த்துப்போயிருக்கும். நீண்ட பயணத்தை அது தாங்காது. எண் குறைவாக இருந்தால் அதை விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிடலாம்.

அதைப் படித்தபோது எனக்குப் பழவேற்காட்டில் பார்த்த ஒரு கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. ஏரிக்கரையில் களிநண்டு விற்கும் அம்மா ஒருவர், கொடுக்குகள் சணலால் கட்டிய ஒரு நண்டைத் திருப்பி, அடிப்பக்க ஓட்டை அழுத்திக் காட்டினார்.

“அமுக்கிப் பாரு தம்பி. கல்லு மாதிரி இருக்கா? சதை ரொம்பிடுச்சுன்னு அர்த்தம். அமுங்குச்சுன்னா தண்ணி நண்டு. அது வழியிலயே செத்துடும்.”

“இதெல்லாம் எங்கேம்மா போவுது?”

“பெருசெல்லாம் மெட்ராஸ் போயி சிங்கப்பூரு போவுது. சின்னது இங்கியே.”

கனடாக்காரரின் கண்ணாடி சொல்லும் அதே சேதியை அவர் விரல் சொன்னது. விரலுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது: கட்டிப்போட்டு, தண்ணீருக்கு வெளியே எத்தனை மணி நேரத்தில் அதன் லாக்டேட் ஏறத் தொடங்குகிறது, ஈரம் எவ்வளவு இருந்தால் தாங்கும், எந்த வெப்பத்தில் அது உடைந்துபோகும் என்பது. அதற்கு ஒரு மெஷினும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும், களிநண்டுக்கென்றே பொறுமையாகப் போட்ட ஒரு திருத்தக் கணக்கும் போதும். நம் கரையில் மீன்வளம் படிக்கிற பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இது. செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே கூடையின் ஓரத்தில் இருந்த ஒரு நண்டின் வாயில் நுரை கட்டத் தொடங்கியது. செவுளில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கவனித்துவிட்டார். பேச்சை நிறுத்திவிட்டு, ஈரச் சாக்கை எடுத்து உதறி, ஏரித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் கூடை மேல் போர்த்தினார். உள்ளே கால்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.